டிரம்மில் வடித்த எண்ணெய்

அண்ணா,

எங்கள் வீட்டுக்கு எதிரில் இப்போது ஒரு பட்டறை வந்திருக்கிறது. நேற்றுக் காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பட்டறைக்காரர் ஒரு ஆட்டோவின் அடியில் வெட்டிய தகர டின்னை வைத்துப் பழைய எண்ணெயை இறக்கிக்கொண்டிருந்தார். தார் போலக் கறுத்து, நூல் பிடித்தாற்போல இறங்கியது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் கால் நின்றுவிட்டது. சைக்கிளில் இரண்டு பெரிய கேன்களைக் கட்டிக்கொண்டு ஒருவன் வந்து, அதை வாங்கி ஊற்றிக்கொண்டு போனான்.

"இத வாங்கிகினு போயி இன்னா பண்ணுவாங்க?" என்று பட்டறைக்காரரைக் கேட்டேன்.

"யாருக்கும்மா தெரியும்? எதுக்காச்சும் ஆவும்."

வீட்டுக்கு வந்து பாலை அடுப்பில் வைக்க முடியவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது. மருமகள் பித்தம் என்று சொல்லி எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாள். பித்தம் இல்லை என்பது உனக்கு ஒருவனுக்குத்தான் புரியும். நீ காலமாகி ஆறு வருஷம் ஆகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

உன் நாக்கை நினைத்தாலே அந்த நாளில் எனக்கு அருவருப்பாக இருக்கும். இதை உன் முகத்துக்கு நேரே பலதடவை சொன்னவள்தான் நான். வண்டி மக்கர் பண்ணினால் மற்ற மெக்கானிக்குகள் ஸ்பேனரை எடுப்பார்கள். நீ விரலை விடுவாய். இன்ஜின் எண்ணெயைத் தொட்ட விரல், ரேடியேட்டர் தண்ணீரில் நனைத்த விரல், எல்லாம் நேரே வாய்க்குப் போகும். நாக்கு நுனியில் வைத்து, கண்ணை மூடி, துப்பிவிட்டு, "எண்ணைல தண்ணி கலந்துகினு கீது, கேஸ்கட் பூட்ச்சி" என்பாய். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நீ. உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. படித்துப் பார்க்கவும் முடியாது. கைக்குக் கிடைத்த வழியில் தெரிந்துகொண்டாய்.

"கலீஜ், கலீஜ்! இந்த வாயோடவா சோறு துன்னப் போற?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

"சோத்துக்குன்னு தனியா ஒரு வாயி பெத்துப் போட்டிருக்கணும் நீ" என்பாய்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சுகாதாரப் பாடம் படித்துவிட்டு வந்தவள். வகுப்பில் எதைச் சொன்னாலும் ஒரு உதாரணத்தோடு சொன்னால்தான் பிள்ளைகள் மனத்தில் நிற்கும் என்று எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். சுத்தத்துக்கு உதாரணமாக உன்னைத்தான் சொன்னேன். "எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், கண்டதையும் வாயில் வைப்பார், மண்ணெண்ணெயைக்கூட" என்று. பிள்ளைகள் "ஐயே" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அது யார் என்று சொல்லவே இல்லை.

அழுக்கு நமக்குப் புதிதா? நைனா துறைமுகத்தில் கப்பலுக்குக் கரி சுமந்தார். குளித்துவிட்டு வந்தாலும் காதுக்குள் கறுப்பு இருக்கும். இருமினால் எச்சிலும் கறுப்பு. கிடங்கு வாசல்களில் மூட்டை இறக்கும்போது சிந்துகிற அரிசியை அம்மா கூட்டி அள்ளிக்கொண்டு வருவாள். கல், சணல் நார், எலிப்புழுக்கை எல்லாம் அதில் இருக்கும். கை சலிக்கக் களைந்து களைந்து உலை வைப்பாள். அதைத் தின்றுதான் நீயும் நானும் வளர்ந்தோம்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது நமக்கு ஓடிப்போக ஊர் இல்லை. நைனா காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. தெருவில் நாய்களும் நாமும்தான். முனையில் ஒரு லாரியை அதன் டிரைவர் அப்படியே விட்டுவிட்டு ஓடியிருந்தார். பெட்ரோல் கிடைக்காத காலம். லாரியின் முதுகில் பெரிய டிரம் ஒன்றை மாட்டி, அதில் கரியைப் புகையவிட்டு, அந்த ஆவியில் ஓட்டுவார்கள். ஊர் காலியாகக் கிடந்த இரண்டு மாதத்தில் நீ அந்த லாரியை முழுக்கப் பிரித்து முழுக்க மாட்டினாய். டிரைவர் திரும்பி வந்து ஓட்டிப் பார்த்தார். முன்னைவிட நன்றாக ஓடியது. ஆனால் உன் கையில் இரண்டு நட்டு மிச்சம்.

"இது எங்கதுடா?" என்றார்.

"கம்பெனிக்காரன் கூடுதலா வெச்சிட்டான், அண்ணாத்தே" என்றாய்.

அவர் சிரித்துவிட்டு உன்னைக் கூடவே வைத்துக்கொண்டார். அங்கே நீ முதலில் கற்றது வடிகட்டுவது. கரி ஆவியைத் தேங்காய் நார் வழியாகவும் துணி வழியாகவும் சுத்தம் பண்ணி அனுப்பாவிட்டால் இன்ஜின் அடைத்துப்போகும். சண்டை முடிந்து, பெட்ரோல் வந்து, கரி டிரம்களையெல்லாம் கழற்றிக் காயலான் கடையில் போட்ட பிறகும் அந்த வித்தை உன்னிடம் தங்கிவிட்டது.

பிறகு தண்டையார்பேட்டையில் ஒரு முதலாளியிடம் நீ சேர்ந்தபோது அவருக்கு ஒரு கடலை எண்ணெய் மில்லும் எட்டு லாரிகளும் இருந்தன. லாரிகளிலிருந்து இறக்கிய கறுப்பு எண்ணெயை வீணாக்குவானேன் என்று ஒரு பழைய டிரம்மில் மணல், கரி, நார், கம்பளித் துணி என்று அடுக்கடுக்காகப் போட்டு நீ ஒன்று செய்தாய். எண்ணெயைச் சூடாக்கி மேலே ஊற்றினால் அடியில் குழாய் வழியாகத் தெளிந்து சொட்டும். மேலும் தெளிய ஒரு வெள்ளை மண்ணை முதலாளியே எங்கிருந்தோ வரவழைத்துத் தந்தார். ஒரு சீசாவில் பிடித்து வந்து எனக்குக் காட்டினாய்.

"பாத்தியா டீச்சரம்மா? தாரு மாதிரி உள்ள போச்சு, தேனு மாதிரி வந்துக்கினு கீது."

முதலாளி எல்லோர் முன்னாலும் உனக்கு ஜரிகைத் துண்டு போர்த்தினார். நாளாக ஆக, லாரிகளுக்குத் தேவையானதைவிட அதிகமாக வடிக்கச் சொன்னார். மிச்சம் தறி மெஷின்களுக்குப் போகிறது என்றார். நீ நம்பினாய். பழைய எண்ணெய் மற்ற ஷெட்டுகளிலிருந்தெல்லாம் வந்து இறங்கியது.

அந்த வருஷம்தான் எங்கள் பள்ளியில் மதியச் சோறு போட ஆரம்பித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஆளுக்கு ஒன்றாக ஏற்றுக்கொண்டார்கள். அரிசி ஒருவர், பருப்பு ஒருவர். எண்ணெய் உன் முதலாளி. டின் டின்னாக அனுப்பினார். வரிசையாகப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பரிமாறும் பொறுப்பு என்னுடையது. எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

இனி எழுதப்போவதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

காசிமேட்டிலிருந்து செல்வி என்று ஒரு பெண் வரும். இரண்டாம் வகுப்பு. ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "டீச்சர், சோறு லாரி நாத்தம் அடிக்குது" என்றது. பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் தலையாட்டின. நான் அதட்டவில்லை. நான் யாரையும் அதட்டுகிறவள் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தடவி, ஒரு உதாரணம் சொன்னேன். "இந்த ஒரு பருக்கை உன் தட்டுக்கு வர எத்தனை பேர் பாடுபட்டிருக்கிறார்கள் தெரியுமா? ஒருவர் நாற்று நட்டார். ஒருவர் கப்பலில் ஏற்றினார். அந்தக் கப்பல் ஓட எங்க நைனா முதுகில் கரி சுமந்தார். அவர் முதுகெல்லாம் புண். அதைப் போய் நாத்தம் என்று சொல்லலாமா?" அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வாயில் வைத்தது. மெல்லாமல் விழுங்கியது. தட்டைக் காலி பண்ணியது. நல்ல டீச்சர் என்று நானே என்னைப் பற்றி நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் செல்வி வரவில்லை. அந்த வரிசையில் ஏழெட்டுப் பிள்ளைகள் வரவில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு. வெயில் என்றார்கள், மாங்காய் என்றார்கள். நானும் மாங்காய் என்றேன்.

அடுத்த வாரம் பள்ளி அடிபம்பு கெட்டுப்போக, உன்னைக் கூப்பிட்டேன். சரிபண்ணி முடித்ததும் சோறு வேளை. ஒரு தட்டில் தாளித்த சோறு போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தாய். கண்ணை மூடினாய். உள்ளங்கையில் துப்பி, முகர்ந்து பார்த்தாய்.

"இத இன்னாத்துல தாளிச்சீங்கோ?"

"கடலெண்ணைலதான். ஒங்க மொதலாளி அனுப்பின டின்னு."

"இது கடலெண்ண மட்டும் இல்லம்மா. எங்க டிரம்முல வடிச்சது கலந்துகீது. நான் செஞ்ச சரக்கு எனக்குத் தெரியாதா?"

தட்டைக் கீழே வைத்தாய். வரிசைக்குப் போய் ஒவ்வொரு பிள்ளை கையிலிருந்தும் தட்டைப் பிடுங்கி மண்ணில் கவிழ்த்தாய். பிள்ளைகள் அலறின. தலைமையாசிரியர் ஓடி வந்தார்.

"யோவ், பம்பு ரிப்பேர் பண்ண வந்தவன் சோத்துல எதுக்குய்யா கை வைக்கிற?"

"இது இன்ஜினுக்கு ஊத்துறது சார். பசங்களுக்கு ஆவாது."

"எதை வச்சுச் சொல்றே?"

"நாக்க வச்சித்தான்."

சுற்றி நின்ற ஆசிரியர்கள் சிரித்துவிட்டார்கள். "சரிதான், நாக்கைப் பார்சல் கட்டி ஆபீசுக்கு அனுப்பிடலாம்" என்றார் ஒருவர். "லாரிக்கு வைத்தியம் பாத்தது போதாதுன்னு சமையலுக்கும் வந்துட்டாரு" என்றார் இன்னொருவர்.

நீ சிரிக்கவில்லை. "குப்ப அரிசி துன்னு வளந்தவன் சார் நான். அழுக்குன்னா கழுவிடலாம். இத எங்க இட்டுகினு போயி கழுவுவீங்கோ?" என்றாய்.

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், உங்க அண்ணன்தான். ஆனா தினம் பரிமாறுறது நீங்க. நீங்களே சொல்லுங்க. வாடை கீடை ஏதாவது உண்டா? பிள்ளைங்க யாராவது சொன்னாங்களா?"

என் வேலை நிரந்தரமாக இன்னும் நாலு மாதம் இருந்தது. நிர்வாகக் குழுவில் உன் முதலாளி ஒருவர். செல்வியின் இடம் வரிசையில் காலியாக இருந்தது. அதையும் பார்த்தேன்.

"எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலை சார்" என்றேன்.

நீ உன் பையை எடுத்துக்கொண்டு போனாய். நேரே மில்லுக்குப் போய், சம்மட்டியால் அந்த டிரம்மை அடித்துப் பிளந்தாயாம். உன் கூட்டாளி டிரைவர் வந்து சொன்னார். முதலாளி கத்தியபோது, "நான் செஞ்சது, நானே ஒட்ச்சேன். ஒன் சாமான் எதையும் தொடல" என்றாயாம். அவர் போலீசுக்குப் போகவில்லை. போனால் டிரம் எதற்கு என்று கேட்பார்களே. பதிலாக நீ குடிகாரன், கை நீளம் என்று ஒவ்வொரு ஷெட்டுக்கும் சொல்லி அனுப்பினார். ஒருத்தரும் உன்னைச் சேர்க்கவில்லை. கடைசியில் எண்ணூர் உப்பளங்களுக்குப் போய் பம்புசெட் பார்த்தே உன் காலம் முடிந்தது.

அந்த டிரம்மைப் போல இன்னொன்று செய்ய அவரிடம் ஆள் இல்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கு வந்த டின்கள் சுத்தமாக இருந்தன. செல்வி பத்து நாள் கழித்து வந்தது, கழுத்தெலும்பு தெரிய. சோற்றைப் பேசாமல் தின்றது. ஆண்டு விழாவில் அந்த முதலாளிக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட வரவேற்பிதழ் கொடுத்தார்கள். எழுதியதும் நான், வாசித்ததும் நான். "பசித்த பிள்ளைகளின் தாயே" என்று வாசித்தேன். அவர் கைகூப்பினார். அந்த விரல்களில் அத்தர் வாசனை. எனக்கு அன்றைக்கு வந்த குமட்டல்தான் நேற்றும் வந்தது. அவரை நினைத்து மட்டும் வந்த குமட்டல் இல்லை அது.

நீ டிரம்மை உடைத்த அன்று சாயங்காலம் நடந்ததை எழுதாமல் இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். நான் பள்ளி விட்டு வந்தபோது நீ குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாய். கட்டைவிரல் கிழிந்திருந்தது. திட்டுவாய் என்று பதில்களைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். வேலை போய்விடும், அம்மாவின் வைத்தியத்துக்குப் பணம் வேண்டும், எல்லாம். நீ திட்டவில்லை.

"டீச்சரம்மா, பசங்களுக்குப் போடறியே, அத நீ ஒரு வாட்டியாச்சும் துன்னுகீறியா?"

"இல்லண்ணா. நான் வூட்லேர்ந்து எடுத்துகினு போறேன்."

உன் முகம் தெளிந்துவிட்டது. "அதான் ஒனக்குத் தெரில. துன்னாத்தான தெரியும்?" என்றாய். என் தோளில் ஈரக்கையால் தட்டிவிட்டு உள்ளே போனாய்.

நீயாகவே எனக்கு ஒரு வழி திறந்துவிட்டாய். நான் அதில் நுழைந்து, பின்னால் கதவையும் சாத்திக்கொண்டேன். செல்வி சொன்னதை அன்றும் சொல்லவில்லை. நீ எண்ணூரில் உப்புக்காற்றில் இருமிக்கொண்டு கிடந்தபோதும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எந்தப் பள்ளியில் வேலை பார்த்தாலும், ஓய்வு பெறும் நாள்வரை, பிள்ளைகளுக்கு முன்னால் முதல் கவளம் நான் தின்றேன். வீட்டுச் சாப்பாடு எடுத்துப்போனதே இல்லை. பிள்ளைகள் என்னைக் கொண்டாடின. தலைமையாசிரியர்கள் மேடையில் சொல்லிச் சொல்லிப் புகழ்ந்தார்கள். நீயும் கேள்விப்பட்டு, "என் தங்கச்சி பசங்ககூட குந்திக்கினு துன்னுறா" என்று உப்பளமெல்லாம் சொல்லித் திரிந்தாயாம்.

அது அன்பு இல்லை அண்ணா. அந்தப் பெண்ணின் வாயில் நான் வைத்ததை என் வாயிலும் வைத்துக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

உன் தங்கை