பரீட்சைக் கட்டிலில் சொன்ன பதில்

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. அம்மா சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சௌக்கியமா என்பதில்தான் இந்த வாரம் இரண்டு கட்சி, அதற்கு முன் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கல்லூரிப் பரீட்சைக்கு வழக்கம்போல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், என் இதயத்து வால்வு ஒழுகுகிற சத்தம் அவர்களுக்கு அவ்வளவு பிடிக்கும், வருடா வருடம் என்னைக் கட்டிலில் படுக்கப்போட்டு என்ன கோளாறு என்று மாணவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். முதலில் வந்தவர் என் முதுகில் இரண்டு கையையும் விரித்து வைத்து, தொண்ணூத்தொம்பதுன்னு சொல்லிட்டே இருங்க ஐயா என்றார். நானும் தொண்ணூற்றொன்பது, நூறு, நூற்றியொன்று என்று போய்க்கொண்டே இருந்தேன். நூற்றுப் பதினாலில் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி, பெரியவரே, எங்க இறங்கப் போறீங்கன்னு சொன்னா நாங்க டீ குடிச்சிட்டு வந்துடுவோம் என்றார். அதே எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டுமாம், குரலின் அதிர்வு கைக்குத் தெரியுமாம். நாற்பது வருடம் பம்பு ரிப்பேர் பார்த்தவன் நான், ஒரு பம்பையும் எண்ணச் சொன்னதில்லை, எனக்கெப்படித் தெரியும்.

அங்கே நர்ஸம்மா ஒருத்தர் உண்டு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, நீங்களா எதையும் காட்டிக் கொடுக்காதீங்க என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். போன வருடம் ஒருவரிடம் இன்னும் கொஞ்சம் இடது பக்கம் வைங்க தம்பி என்று காதோடு சொல்லி நான் மாட்டிக்கொண்டதிலிருந்து எனக்கு மட்டும் இரண்டு முறை சொல்கிறார். நாலாவதாக ஒரு பெண் வந்தாள். தொடுவதற்கு முன்னால் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள், இத்தனை வருடத்தில் யாரும் செய்யாதது. தலைமாட்டை உயர்த்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்பச் சொல்லி, என் கழுத்து நரம்பை அளவுகோல் வைத்து அளந்தாள். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள், குழி அப்படியே நின்றது. பிறகு வலது விலாவுக்குக் கீழே மெதுவாக அழுத்தி, வலிக்குதா ஐயா என்று கேட்டாள், கண் கையில் இல்லை, என் முகத்தில் இருந்தது. ஆமாம் என்றால் அது கேட்டதற்குப் பதிலா, காட்டிக் கொடுத்த கணக்கா என்று எனக்கு ஒரே குழப்பம். இல்லம்மா என்றேன்.

அவள் பேராசிரியரிடம், வால்வு ஒழுகுறது மட்டும் இல்ல சார், இதயமே தளர ஆரம்பிச்சிருக்கு, ரத்தம் பின்னால தேங்குது, கல்லீரல் வீங்கியிருக்கு, அழுத்தினா வலிக்குது என்றாள். அவர் என் ஃபைலைப் புரட்டினார், நாலு மாதம் முன்பு எழுதியது, அப்படி ஒன்றும் இல்லை. கால்ல இருக்கறது சாக்ஸ் தடம்மா, வலி இல்லன்னு அவரே சொல்றாரே, இல்லாத நோயைக் கண்டுபிடிச்சா மார்க் கிடையாது என்றார். முகம் சுளிச்சாங்க சார் என்றாள் அவள். பெரியவரே, வலிச்சுதா என்று அவர் என்னைக் கேட்டார். முதலில் ஒன்று சொல்லிவிட்டு இப்போது மாற்றினால் என்ன நினைப்பார்கள் என்று மறுபடியும் இல்லீங்க என்றேன். அந்தப் பெண் என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து என் காலை நானே அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலையில் குழி இல்லை, சாயங்காலம் இருக்கிறது. வால்வு ஒழுகினால் பம்பு தளரும், பம்பு தளர்ந்தால் தண்ணீர் பின்னால் ஏறும், இது எனக்குத் தெரிந்த தொழில்தான், ஆனால் முப்பது வருடப் பேராசிரியர் இல்லை என்கிறார், யாரை நம்புவது. அம்மாவிடம் காட்டினால், நாள் பூரா அழுத்திட்டே இருந்தா சுவத்துலகூடத்தான் குழி விழும், போய்க் காலை நீட்டிப் படுங்க என்கிறாள். நர்ஸம்மாவுக்குப் போன் செய்து மெல்லக் கேட்டேன். வெள்ளிக்கிழமை முடிவாம், இந்த ஒரு கேஸில் போனால் அந்தப் பெண் ஆறு மாதம் கழித்து மறுபடி எழுத வேண்டுமாம்.

இன்று, புதன்கிழமை, பேராசிரியர் அறைக்கே போனேன். என்ன விஷயம் பெரியவரே என்று அவர் நிமிர்ந்ததும் வாயில் வந்தது, குடையை விட்டுட்டேன் சார். நான் குடையே கொண்டுபோகவில்லை. பாவம், ஆள் விட்டுக் கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடச் சொல்லி, யாருடையதோ ஒரு பூப்போட்ட குடையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். நாளை அதைத் திருப்பிக் கொடுக்கப் போக வேண்டும்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை வண்டியை நிதானமாக ஓட்டச் சொல். போனில் அம்மாவிடம் இதை உளறிவிடாதே, அவளுக்கு நான் கல்லு மாதிரி இருக்கிறேன். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், அது போதும் எனக்கு. அந்த அறையில் தொண்டை வரை வந்து நின்றதை உனக்காவது எழுதிவிடுகிறேன்: வலிச்சுது சார், அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி.

உன் அப்பா