நட்ட நடுவில் நின்றதாகச் சொன்ன பொய்

என் தலையில் எண்ணெய் வைத்து, பிடித்த கையை விடாமல் அருவிக்குக் கூட்டிப்போன பேச்சி மதினிக்கு,

உள்ளதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. காமாலை உங்களைக் கொண்டுபோய் ஆறு வருஷம் ஆகிறது. அதில் நான் பயப்படாத நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் இந்த வாரம் வந்தது வேறு பயம். நாம் ரெண்டு பேரும் சேர்ந்து அண்ணனிடம் சொன்னோமே ஒரு பொய், அது வளர்ந்து ஆளாகி என் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டது.

அதற்கு முன்னால் ஊர்ச் சேதி. டெலிபோன் எக்சேஞ்சில் இனி ஆள் வேண்டாமாம். அவரவரே நம்பரைச் சுற்றிப் பேசிக்கொள்ளலாமாம். நான் அதற்கு முன்பே அந்த ஆபரேட்டர் வேலையை விட்டுவிட்டேன். "கவர்மெண்டு வேலைய எவளாவது விடுவாளாட்டி?" என்று அண்ணன் பத்து நாள் என்னோடு பேசவில்லை.

பாளையங்கோட்டையில் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினீங்களே ஒரு மனநோய் டாக்டர், அவர் இப்போது வாரத்தில் சில நாள் தென்காசிக்கு வருகிறார். மாத்திரை அவர் கொடுப்பார். வருகிறவர்களோடு பக்கத்து அறையில் உட்கார்ந்து, மூச்சையும் உடம்பையும் கவனிக்கப் பழக்குவது என் வேலை. மூணு வருஷம் அவரிடமே கற்றுக்கொண்டேன். இந்த வேலைக்கு நம் ஊரில் பெயர் கிடையாது. 'மூச்சு டீச்சர்' என்கிறார்கள். "தெளிஞ்சவ இப்ப தெளிய வைக்காளாம்லா" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய?

எக்சேஞ்சில் ரெண்டு பேர் லீவில் போக, அவர்கள் ஷிஃப்டையும் சேர்த்து நானே பார்த்த வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டுக்கு வந்தாலும் காதுக்குள் மணி அடித்துக்கொண்டே இருக்கும். சோறு பரிமாறும்போது அண்ணனிடம் "லைன்ல இருங்க" என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தீங்க, நானும் சிரித்தேன். ஒரு மாதம் கழித்து ஒரு காலையில், எக்சேஞ்சில் லைன் போடுகிற பலகை முழுக்க விளக்கு எரிகிறது, எனக்குக் கை எழும்பவில்லை. அப்புறம் நாலு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தேன். சாப்பிடு என்றால் சாப்பிட்டேன். பேச்சு மட்டும் இல்லை.

சீசன் தொடங்கியதும் அண்ணன் முடிவு செய்தார். ஒரு மண்டலம் குற்றாலத் தண்ணீர் தலையில் விழுந்தால் புத்தி தெளியும் என்பதுதானே நம் பக்கத்து நம்பிக்கை. "ஓரத்துல நிண்ணா சளிதான் பிடிக்கும். நடுவுல நிறுத்து. அடிச்சு விழுந்தாத்தான் தெளியும்" என்றார். பெண்கள் பக்கம் அவர் வர முடியாது. அதனால் பொறுப்பு உங்க தலையில் விழுந்தது.

முதல் நாள் ஐந்தருவியில் நீங்க அப்படியேதான் செய்தீங்க. பிடரியைப் பிடித்து நடுவில் நிறுத்தினீங்க. தண்ணீரா அது? கல். மூச்சுக்கு வாயைத் திறந்தால் தண்ணீர், கண்ணைத் திறந்தால் தண்ணீர். செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். வெளியே இழுத்துப்போட்டதும் நான் அழவில்லை, நீங்கதான் பாறையில் உட்கார்ந்து அழுதீங்க.

மறுநாள் ஓரத்துக்குக் கூட்டிப்போனீங்க. பாறையில் மோதிச் சிதறி, நூல்நூலாக விழுகிற இடம். நான் கட்டை மாதிரி நின்றேன். உங்களுக்குக் கை நடுங்கியது.

"ஏட்டி, பேசிக்கிட்டே இரு. நீ இப்படி நிண்ணா எனக்குப் பயமாருக்கு. தண்ணி எங்கன விழுதுன்னு மட்டுமாவது சொல்லு."

"தலையில" என்றேன்.

"இப்ப?"

"கழுத்துல."

"இப்ப?"

"எடது தோள்ல."

நாலு மாதத்தில் நான் பேசிய முதல் பேச்சு அது. தோளில் தண்ணீர் விழுந்த அந்தக் கொஞ்ச நேரம் காதில் மணி இல்லை. அடுத்த நாள் இன்னும் கொஞ்ச நேரம் இல்லை. இன்றைக்கு நான் செய்கிற வேலை முழுக்க அந்த ஓரத்தில் பிறந்ததுதான்.

வெளியே துண்டோடு காத்திருந்த அண்ணன் கேட்டார், "நடுவுலதானே?" நீங்க என்னைப் பார்த்தீங்க. நான் தலையாட்டினேன். "நட்ட நடுவுல" என்றீங்க. தினமும் அதே கேள்வி, அதே பதில். சேலை எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் போனோம். மாத்திரை கடுகு டப்பாவுக்குள் இருந்தது. "ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே முடிக்காவ. ஒரு உசுருக்கு ரெண்டு பொய் சொன்னா என்னட்டி?" என்றீங்க. நான் எழுந்து நடமாடினதும் அண்ணன் ஊரெல்லாம் சொன்னார், தங்கச்சியை நடு அருவி தெளிய வைத்தது என்று. அவருக்கு அதில் எவ்வளவு பெருமை! இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

புதன்கிழமை புளியங்குடியிலிருந்து ஒரு பிள்ளையைக் கூட்டிவந்தார்கள். டீச்சர் டிரெயினிங் முடித்தவள், பேச்சு நின்று ரெண்டு மாதம். அப்பா எலுமிச்சை வியாபாரி, அண்ணனுக்குப் பழக்கம். குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். நான் வழக்கம்போல ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினேன். அந்தப் பிள்ளை ரெண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நாற்காலியோடு பின்னால் போய்விட்டாள். கையெல்லாம் விரல் பதிந்து கன்றியிருந்தது.

"அத்தைமார் ரெண்டு பேரும் பிடிச்சு நடுவுல நிறுத்துதாவ, தங்கச்சி" என்றார் அப்பா. "டாக்டர் வேண்டாங்காரு. அவருக்கு என்ன தெரியும்? அண்ணாச்சி சொன்னாவ, உங்களயும் அப்படித்தான நிறுத்துனாவ?" கெட்ட மனிதர் இல்லை மதினி. அழுது அழுது அவருக்கும் கண் வீங்கியிருந்தது.

இல்லை என்று ஒரு சொல். அது வரவில்லை. அண்ணன் முகம் முன்னால் வந்து நின்றது. செத்துப்போன உங்களைப் பொய்க்காரி ஆக்கலாமா என்று வந்தது. நான் தடுத்து, என்னிடம் வந்தும் அந்தப் பிள்ளை தேறாமல் போனால்? அவள் கண்ணைப் பார்த்ததும் என் காதில் மணி அடித்தது. ஒன்பது வருஷத்துக்கு அப்புறம்.

தலையாட்டிவிட்டேன். அன்றைக்கு அண்ணனிடம் ஆட்டின அதே தலை. அவர்கள் நிம்மதியாக எழுந்து போனார்கள், மறுநாளும் நடு அருவிக்கு.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். குடைக்கம்பியைக் கட்டிக்கொண்டிருந்தார். முதல் நாளைத் தவிர நான் நடுவில் நிற்கவே இல்லை என்றேன். மாத்திரையையும் சொன்னேன். கம்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"அவளுமா எங்கிட்ட பொய் சொன்னா?"

"மதினி இல்லன்னா நான் இல்ல, அண்ணே."

"அத எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா. நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?"

நீங்க இருந்திருந்தால் அவருக்கு என்ன சொல்லியிருப்பீங்க, மதினி? அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கட்டி முடிக்காத அந்தக் குடையை எடுத்துக்கொண்டு சாரலில் குற்றாலம் பஸ் ஏறினார். அந்த அப்பாவிடம், "நான் சொன்னது தப்பு, பிள்ளைய நிறுத்தாதிய" என்று சொல்லிவிட்டு வந்தாராம். என்னிடம் இன்னும் பேசவில்லை.

இன்று காலை அந்தப் பிள்ளை வந்தாள். தண்ணீர்ப் பானையை முன்பே வெளியே எடுத்து வைத்துவிட்டேன். அவள் உட்கார்ந்ததும், மூணு வருஷம் படித்தது ஒன்றும் எனக்கு வாயில் வரவில்லை. கடைசியில் வந்தது உங்க பேச்சுத்தான்.

"ஏட்டி, நீ இப்படி இருந்தா எனக்குப் பயமாருக்கு. உன் கை எங்கன இருக்குன்னு மட்டுமாவது சொல்லு."

நான் எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, நீங்க ஏன் பயப்படுதிய?" என்றாள்.

ரெண்டு மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு, மதினி. அதற்கு மேல் பேசவில்லை. தேறுவாளா, எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். மணி இன்னும் அடிக்கிறது. டாக்டரிடம் சொல்லிவிட்டேன், அவர் எனக்குக் கொடுத்த மாத்திரையை இந்தத் தடவை எல்லார் கண்ணும் படுகிற மாடத்தில் வைத்திருக்கிறேன்.

உங்க மேல் ஆணையாகச் சொல்கிறேன், இனி எவர் முன்னாலும் பொய்யாகத் தலையாட்ட மாட்டேன். திங்கட்கிழமை அவள் எதிரில் பயத்தோடுதான் உட்காருவேன். ஆனால் எழுந்து ஓட மாட்டேன். உங்களுக்குக் கை நடுங்கிற்றே தவிர, என்னை விடவில்லையே.

ஓரத்தில் நின்று பிழைத்த,
உங்க நாத்தனார்
செண்பகம்