மேட்ஜ் முட்டையை நிறுத்திய வருடம்

க்ளிதரோ,
செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை

என் செல்ல ஹேசலுக்கு,

அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் ராஸும் வெலிங்டன் காற்றில் பறந்துவிடாமல் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். வீட்டுக்கு மூன்று கோழிகள் வந்திருக்கின்றன, மூன்றும் தினமும் முட்டையிடுகின்றன என்று எழுதியிருந்தாய், படித்ததும் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வந்தன, பயம் ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மேட்ஜை நீ பார்த்ததில்லை. கூண்டுப் பண்ணையில் கழித்துவிடும் கோழிகளை அட்டைப்பெட்டியில் வாங்கி வருவோமே, நீ போன பிறகு அப்படி வந்தவள், வந்தபோது பாதி உடம்பில் இறகே இல்லை. தேறியதும் அப்பாவின் கோட்டுப் பைக்குள் தலையை விட்டு உலர்திராட்சை தேட ஆரம்பித்தாள். எங்களிடம் இருக்கும் மற்ற இரண்டு கோழிகளும் வெள்ளை முட்டைக்காரிகள், இவள் முட்டை மட்டும் நல்ல பழுப்பு, ஆகஸ்ட் கண்காட்சிப் போட்டியில் வைக்கும் ஆறு முட்டைத் தட்டுக்கு அப்பா அதைத்தான் சேர்ப்பார். அந்தத் தட்டு உனக்கு மறந்திருக்காது. சமையலறை நாற்காலியில் மண்டியிட்டு, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி, ஆறும் ஒரே நிறம் ஒரே அளவாக நீ அடுக்குவாய், பரிசு கொடுக்க வந்த நடுவர் அதில் ஒன்றை உடைத்துப் பார்த்தார் என்று அவருக்குக் கை கொடுக்க மாட்டேன் என்று அழுதாய். வீடு நிறைந்த அந்தச் சத்தம் இப்போது இல்லை. நீ போன பின் அப்பா தனியாகத்தான் ஒற்றுகிறார், எனக்கு நிறம் பார்க்கத் தெரியாதாம்.

ஜூலையில் மேட்ஜ் ஓடே இல்லாத ஒரு தோல்முட்டை போட்டாள், நடையும் காலை அகட்டி நிமிர்ந்த நடையாக மாறிற்று. கால்நடை டாக்டரிடம் காட்டலாம் என்றேன். "தினம் முட்டை போடறவளுக்கு என்னடி நோவு, நீ எதுக்கெடுத்தாலும் பயந்து சாவ" என்றார் அப்பா. நாங்கள் எல்லோரும் செய்கிற தப்புதான் இது, பண்ணையிலிருந்து வந்தவள் முட்டை போட்டுவிட்டால் போதும், பிழைத்துவிட்டாள், நமக்கு நன்றி சொல்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிவோம். ஒரு காலை அவள் கூட்டைவிட்டு இறங்கவே இல்லை. கொண்டை வெளுத்து, வயிறு தண்ணீர்ப் பையாகத் தொங்கிற்று. வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்துப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை, அப்பா காரை எடுத்தார்.

டாக்டரம்மா வயிற்றிலிருந்து நீரை ஊசியால் இறக்கினாள். "மஞ்சள் கரு வழி தவறி வயித்துக்குள்ள விழுது சார். இவளுக்கு நிறுத்தத் தெரியாது, உடம்பு முடியாதப்பவும் போட்டுக்கிட்டேதான் இருப்பா, அப்படி வளர்த்து வச்சிருக்காங்க இந்த இனத்த. தோலுக்கடியில சின்னதா ஒரு மருந்துக்குச்சி வச்சா முட்டை நின்னுடும், உடம்பு ஓயும். மருந்து தீர்ந்தா மறுபடி வைக்கணும். பொழைப்பாளான்னு கேட்டா, பார்ப்போம்னுதான் சொல்லுவேன்" என்றாள். கண்காட்சி நெருங்கிவிட்டிருந்தது. அப்பா தொப்பியைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு, "நிறுத்திடுங்கம்மா. என் பொண்ணு இங்க இருந்தா அவளும் இதத்தான் சொல்லுவா" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்த வருடம் கண்காட்சி மேசையில் எங்கள் தட்டு இல்லை. பக்கத்துவீட்டு வில்ஃப், "என்னப்பா க்ளிஃப், தோத்துடுவோம்னு பயமா?" என்று அப்பாவைச் சீண்டினான். "எங்க மேட்ஜம்மா வேலைல இருந்து ஓய்வு வாங்கிட்டாங்கடா" என்று சொல்லிவிட்டு அப்பா டீக் கூடாரத்துக்குப் போய்விட்டார்.

அதனால் நீ முட்டையை எண்ணிச் சந்தோஷப்படாதே, கோழியைத் தூக்கிப் பார். வாரம் ஒருமுறையாவது வயிற்றைத் தடவு, மெத்தென்று வீங்கியிருந்தாலோ தோல்முட்டை தொடர்ந்தாலோ தாமதிக்காதே. முட்டை ஓடு கெட்டிப்படச் சிப்பித்தூள் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும். குளிர்காலத்தில் முட்டை வேண்டும் என்று கூட்டில் விளக்குப் போடாதே, அவர்களுக்கும் ஓய்வு வேண்டும்.

மேட்ஜுக்குப் பழைய இறகு கொட்டிப் புதிது வந்திருக்கிறது. மருந்து தீர்ந்து அவள் மறுபடி போட ஆரம்பித்துவிடுவாளோ என்றுதான் இப்போது பயம். தினம் காலையில் முட்டைப் பெட்டியைத் திறக்கும் முன் அப்பா கொஞ்சம் நின்றுவிடுகிறார், முழங்கால் வலி என்று சாக்குச் சொல்கிறார். இன்று கொட்டுகிற மழையில் தோட்டத்துக் கோடியிலிருந்து, "எனிட், ரெண்டும் வெள்ளைதான்டி, பழுப்பு இல்ல!" என்று கத்தினார். பரிசு வாங்கிய எந்த வருடமும் அவர் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

நீங்கள் இருவரும் நூறு வயது நன்றாக இருங்கள். கோழிகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு எனக்கு எழுது, மறக்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
எனிட்