ஒரு முறம் தவிடு

மில்லுக்கார அக்கா,

நேற்று என் பெண் கடையிலிருந்து ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். தவிட்டு எண்ணெய். இருதயத்துக்கு நல்லது என்று பாட்டில் மேலேயே போட்டிருக்கிறது. விலையைக் காட்டி, "ஏனுங்கம்மா, எம்பட வெல இப்ப எங்க ஏறிக் கெடக்குது பாருங்க!" என்றாள். சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்து முகர்ந்தேன். ஒரு வாசனையும் இல்லை. உங்கள் மில்லில் அரிசியிலிருந்து உதிர்ந்து சூடாகக் கொட்டும் தவிட்டுக்கு ஓர் இனிப்பு மணம் இருக்குமே, அதைத் தேடினேன் போல. அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

தொண்ணூறுகளில் துடியலூரில் உங்கள் மில்லுக்கு அடுத்த வீட்டில் குடியேறியபோது, முதல் வாரமே சண்டைக்கு வந்தவள் நான். கொடியில் காய்ந்த துணியெல்லாம் உமித்தூசி. "தூசி பறந்தா எனக்குந்தானுங்க நட்டம் அம்மணி. இந்த மில்லுல வீணாப் போறதுக்குன்னு ஒண்ணுமே இல்லீங்க" என்றீர்கள். நிஜம்தான். உமி, நெல் அவிக்கிற அடுப்புக்குப் போகும். அது எரிந்த சாம்பல் செங்கல் சூளைக்கும் எங்கள் தெருப் பாத்திரங்களுக்கும். குருணை கோழிக்கு, நல்லதாக இருந்தால் எங்கள் வீட்டு உப்புமாவுக்கு. தவிடு உங்கள் மாட்டுக்குப் போக மிச்சம் எண்ணெய் ஆலைக்கு. "வெச்சிருந்தா சிக்கு வாடை அடிச்சுப்போடுமுங்க, சீக்கிரம் ஏத்துங்க" என்று லாரிக்காரரை விரட்டுவீர்கள். உங்கள் வீட்டுக்காரர் நெல் வாங்க ஊர் ஊராகப் போக, மில்லை நடத்தியது நீங்கள்தான். கஞ்சம் என்று தெருவே சொன்னது. நானும் சொன்னேன்.

எனக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது போன அன்று வந்தவர்களெல்லாம் ஆறுதல் சொன்னார்கள். அவர்கள் வாயை அடைத்தால் தேவலை என்றிருந்தது எனக்கு. நீங்கள் மட்டும் கொல்லையில் உமி அடுப்பை மூட்டி, வெந்நீர் வைத்து, என் தலைக்கு ஊற்றித் துவட்டிவிட்டுப் போனீர்கள்.

மூன்றாவதாக இவள் பிறந்தாள், கோழிக்குஞ்சு மாதிரி. தவிட்டுக்கு விற்று வாங்க வேண்டும் என்றார் என் மாமியார். பெற்ற பிள்ளையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினால், மதிப்பில்லாத பண்டம் என்று எமன் விட்டுவிடுவானாம். எனக்கு நம்பிக்கை கிடையாது. பயம் இருந்தது. பயந்தவளுக்கு அதுவே போதும்.

நான்கு பிள்ளை பெற்ற ஒருத்தியை மாமியார் பார்த்து வைத்திருந்தார். நான் உங்கள் பெயரைச் சொன்னேன்.

"புள்ளையில்லாதவ கையிலயா குடுக்கறது? புத்தி கெட்டுப்போச்சா?"

"பெத்தவ நானுங்க அத்தை. விக்கறதும் நாந்தானுங்க."

காலையில் மில் வாசலில் வைத்துக் குழந்தையை உங்கள் கையில் கொடுத்தேன். உமி மூட்டைமேல், அடுப்பின் கதகதப்புப் படுகிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தீர்கள். உங்கள் மில் தவிட்டையே உங்களுக்கு விலையாகக் கொடுக்கக் கூடாதல்லவா, என் வீட்டுக்காரர் வேறொரு பழைய மில்லில் வாங்கி வந்திருந்தார். ஒரு முறம் நிறைய எடுத்து நீட்டினேன். பேசாமல் வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுப்பதுதான் வழக்கம். நீங்கள் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்து ஊதிப் பார்த்தீர்கள்.

"இதுல பாதி உமியாட்ட இருக்குதுங்க. உமி வெலைக்கெல்லாம் எம்பட புள்ளயக் குடுக்க மாட்டேன். சலிச்சுக் கொண்டாங்க."

மாமியார் முகம் வெளிறிப்போனது. கொடுக்கவே மாட்டீர்களோ என்று ஒரு கணம் நிஜமாகவே பயந்தேன். உங்கள் மில் சல்லடையை வாங்கி அங்கேயே உட்கார்ந்து சலித்தேன். நிறைய உமி நின்றது. நீட்டினேன்.

"இன்னொருக்கா சலிங்க."

சலித்தேன். கொஞ்சம் நின்றது.

"இன்னும் ஒருக்கா, கண்ணு."

இந்தத் தடவை சல்லடையில் ஒன்றுமே நிற்கவில்லை. சொல்ல வாயெடுத்து நிமிர்ந்தேன். உங்கள் பார்வை தவிட்டின் பக்கமே இல்லை. குழந்தையின் விரலை உங்கள் விரலில் சுற்றவிட்டு, உங்கள் வீட்டுத் தெலுங்கில் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் புரியவில்லை. அது எனக்குச் சொன்னதும் அல்ல. நான் குனிந்து, சுத்தமான தவிட்டை மறுபடி சலிக்கத் தொடங்கினேன். "நேரமாகுது" என்று மாமியார் முணுமுணுத்தார். "சலிக்கட்டுமுங்க அத்தை, என்ன அவசரம்" என்றேன் நான். எதற்கும் பொறுக்காத நான்.

கடைசியில் நீங்களேதான் எழுந்தீர்கள். "வெல படிஞ்சுதுங்க" என்று குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மில்லுக்குள் போய்விட்டீர்கள்.

சல்லடையில் நின்ற உமி அடுப்புக்குப் போனது. தவிடு மாட்டுக்கு. மறுநாளிலிருந்து தூக்குப்போசியில் எனக்குப் பால் வந்தது. நான் குடித்தால்தான் குழந்தைக்குப் பால் ஊறும் என்றீர்கள். எத்தனை நாளைக்கு இப்படி என்று கேட்டதற்கு, "வித்த புள்ள மேல எனக்குப் பாத்தியம் இல்லீங்க அம்மணி. தவிடு தின்ன மாடு பால் குடுக்குது, நான் என்ன பண்ணட்டும்?" என்றீர்கள். உங்கள் மில்லில் எதுவும் வீணாகாது என்பதை அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். என் குழந்தை தங்கினாள். நடக்கத் தெரிந்ததும் அவள் ஓடிய முதல் வீடு உங்களுடையது.

போன தையில் நீங்கள் போனபோது மில் வாசலிலேயே கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசி போட உங்கள் கொழுந்தனார் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். யாரையும் கேட்காமல் இவள் அவர்களுக்கு முன்னால் போய் அரிசியை அள்ளினாள். உங்கள் சொந்தக்காரர் ஒருவர் தடுத்து, "இந்தப் புள்ள யாருங்க? என்ன மொறை வேணும்?" என்று கேட்டார். இவள் கையில் அரிசியோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை, அக்கா.

"அவங்க பொண்ணுதானுங்க. நான் தவிட்டுக்கு வாங்கி வளர்த்தேன்" என்றேன்.

அவர் வழிவிட்டார்.