கோடுள்ள தோலை முதலில் புதைக்க வேண்டும்

என்னுடைய அம்மாவுக்கு,

எனக்கு ஒழுங்காக எழுத வருமுன்னரே நீங்கள் போய்விட்டீர்கள். பிறகு முகாமிலும், இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் எழுதப் பழகினேன். அப்படிப் பழகின தமிழில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் ஒரு அணிலைப் பற்றியது. கோபிக்க வேண்டாம்.

பாரிசில், லா சப்பல் தெருவில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே இருக்கிறோம். குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு, உடுப்புத் தோய்க்கும் மெஷினின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். உங்கள் அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறார். பெரியப்பா உணவகத்தில் சட்டி கழுவிவிட்டு வரும் நேரம். அவருடைய திறப்பு கதவுப் பூட்டுக்குள் சத்தம் போட்டால் தண்ணீரைத் திறந்துவிடுவேன்.

நான் ஒரு அணிலை அடித்துவிட்டேன், அம்மா. கல்லால். ஒரே எறி.

போன வாரம் விஞ்ஞான ஆசிரியர் எங்கள் வகுப்பைக் காட்டுக்குக் கூட்டிப் போனார். கார் து நோர் நிலையத்தில் ரயிலேறி, பாரிசுக்குத் தெற்கே செனார் காடு. பாரிஸ் பூங்காக்களிலும் அணில் உண்டு. அது சிவப்பு, முதுகில் கோடு இல்லை. அதைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் செய்யாது, பூனையைப் பார்க்கிற மாதிரித்தான். செனாரில் ஆசிரியர் விரலால் காட்டியது வேறு. மண்ணிறம், உள்ளங்கை அளவு, முதுகு நீளத்துக்குக் கோடு. எங்கள் அணிலுக்கு மூன்று. இதற்கு ஐந்து.

"இது இந்த நாட்டு விலங்கு இல்லை," என்று ஆசிரியர் சொன்னார். "ஆசியாவிலிருந்து வளர்க்கக் கொண்டுவந்தார்கள். பிறகு அலுத்துப்போய்க் காட்டில் விட்டுவிட்டார்கள். இங்கே இது இருக்கக்கூடாது."

"அப்படியென்றால் இதுக்கும் விசாப் பேப்பர் இல்லையா, மிஸ்யே?" என்று என் வகுப்பு மமது கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மத்தியானம் ஒரு விழுந்த மரத்தின் மேல் குந்தியிருந்து பாண் சாப்பிட்டோம். அது மரத்தின் மறு நுனிக்கு வந்து, முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் யோசிக்கவில்லை. கை கல்லை எடுத்தது. உடம்பைப் பார்க்காதே, அது அடுத்ததாகத் தலையை எங்கே வைக்கும் என்று பார் என்று சொல்வீர்களே. அந்த இடத்தைப் பார்த்தேன்.

வாலில் பிடித்துத் தூக்கியபோது சூடாக இருந்தது. உடனே ஒரு தடியை எடுத்து மண்ணைக் கிண்டினேன். பக்கத்தில் இருந்த பிரவீணா திரும்பிப் பார்த்துவிட்டுக் கத்தினாள். ஆசிரியர் ஓடி வந்தபோது என் ஒரு கையில் அணில், மறு கையில் தடி, காலடியில் ஒரு சின்னக் குழி.

அவர் பள்ளிக்கூட அதிபருக்கு எழுதிய அறிக்கையில் இரண்டு குற்றம். கொன்றேன். கொன்றதை மறைக்கப் பார்த்தேன்.

முதலாவது சரி. இரண்டாவதை நான் யாருக்கு விளங்கப்படுத்துவது?

போரின் கடைசியில் அந்தக் கடற்கரை மணலில் எல்லோரும் பங்கர் குழிக்குள் கிடந்தபோது, செல் குண்டு ஓய்கிற இடைவெளியில் நீங்கள் மட்டும் வெளியே போவீர்கள். தையல் மெஷினில் இருந்த கை. அப்பா இல்லாமல் போன பிறகு பிளவுஸ் தைத்து என்னை வளர்த்த கை. அந்தக் கை சைக்கிள் ரியூப்பை வெட்டிக் கவைக்கொப்பில் கட்டி ஒரு கெற்றப்போல் செய்தது. யார் பழக்கினார்கள் என்று நான் கேட்டதில்லை. நீங்களாகவும் சொன்னதில்லை. தென்னைகளில் பாதிக்குத் தலை இல்லை. மிச்சத்தில் அணில்கள் இருந்தன. செல் நின்றவுடன் முதலில் கீச்சிடுவது அவைதான். அந்தச் சத்தம்தான் அவற்றைக் காட்டிக் கொடுத்தது.

பிளேடால் பின்னங்கால்களைச் சுற்றிக் கீறி, சட்டை கழற்றுவதுபோல் தோலை ஒரே இழுவையில் உரிப்பீர்கள். சமைக்க முந்தி, கை கழுவ முந்தி, அந்தத் தோலை மணலில் புதைப்பீர்கள். இராமர் தடவின கோடு என்று சின்ன வயதிலிருந்து கேட்ட உங்களுக்கு அது தாண்ட முடியாத கோடாக இருந்திருக்கும். "கோடு மண்ணுக்குள்ளை போட்டுது, குஞ்சு. இனி இது வெறும் இறைச்சி. சாப்பிடு," என்பீர்கள். பால்மா வந்த தகர ரின்னில் உப்பும் ஒரு செத்தல் மிளகாயும் போட்டு, சிரட்டை நெருப்பில், தண்ணீர் வற்றும்வரை. எலும்பு மெல்லிசு. நான் அதையும் சேர்த்துச் சப்பினேன். நீங்கள் ஒருநாளும் தின்னவில்லை. கஞ்சித் தண்ணியைக் குடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வீர்கள்.

இரண்டு பங்கு வைப்பீர்கள். ஒன்று எனக்கு. மற்றது பெரியம்மாவுக்கு. அவருக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும். "இதென்ன, காடையே?" என்று அவர் கேட்பார். "ஓம் அக்கா, காடை," என்பீர்கள். மணல் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்து முழுவதையும் தின்பார். ரின்னின் அடியை விரலால் வழிப்பார்.

இதே பெரியம்மா இங்கே மரக்கறிக் கடை வாசலில் நின்று ஆட்களிடம் என்ன சொல்கிறார் தெரியுமா? "நாங்கள் அங்கை வெறும் கஞ்சியோடை கிடந்தம். கடைசிவரைக்கும் மச்சம் மாமிசம் கையாலை தொடேல்லை. முருகன்ரை பேரைச் சொல்லித்தான் உயிர் தப்பினது." கேட்கிற பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். நான் முருங்கைக்காய்ப் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தபோது அதை வாசித்துச் சொன்னதும் நான்தான். அவருக்குப் பிரெஞ்சு வராது.

"என்னடி இது? அணிலே அடிச்சனீ?"

"ஓம்."

"உன்ரை கொம்மாவின்ரை பழக்கம். ரத்தத்திலை ஊறிக் கிடக்கு. இராமர் தடவின சீவனை அடிச்சு அடிச்சுத் தின்னத் தந்தவள். அந்தப் பாவந்தான் அவளையும் கொண்டு போனது."

பெரியப்பா, "விடப்பா, பிள்ளை தானே," என்றார்.

"நீங்கள் சும்மா இருங்கோ. நீங்கள் அப்ப இஞ்சை குளிருக்குச் சூப் குடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்." பிறகு என் பக்கம் திரும்பினார். "கல்லு வழுக்கிப் போய்ப் பட்டதெண்டு சொல்லு. வேறை ஒரு கதையும் கதைக்கக்கூடாது. இல்லையெண்டால் சோசல்காரர் வந்து உன்னைக் கொண்டுபோயிடுவினம். பிறகு என்னாலை ஒண்டும் செய்யேலாது."

சோசல் என்றால் பிள்ளைகளை வீட்டிலிருந்து எடுத்துப் போகிற அரசாங்க ஆட்கள். இங்கே தமிழ் வீடுகளில் பேய்க்குப் பதிலாக அவர்களைச் சொல்லித்தான் வெருட்டுவார்கள். எனக்குப் பேய்க்குப் பயமில்லை. பேப்பரில் எனக்குப் பொறுப்பு பெரியம்மா மட்டும்தான். அவர் கையை விட்டால் எனக்கு வேறு கதவு இல்லை. அன்றிலிருந்து என் கோப்பையை அவர் தனியாகக் கவிழ்த்து வைக்கிறார்.

இன்றைக்கு அதிபர் கூப்பிட்டிருந்தார். பெரியம்மா பட்டுச்சேலை உடுத்து, பெரிய பொட்டு வைத்து வந்தார். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று அதிபர் முதலிலேயே கேட்டிருந்தார். வேறு தமிழ் ஆள் வந்தால் கதை தெருவுக்குப் போய்விடும் என்று பெரியம்மா என்னையே போதும் என்று சொல்லச் சொன்னார். குற்றம் செய்தவளும் நான், மொழிபெயர்ப்பவளும் நான்.

அதிபர் வெள்ளைத் தலைமுடிக்காரி. சத்தம் போடாமல் கதைக்கிறவர். "ஏன் இப்படிச் செய்தாள் என்று உங்களுக்குத் தெரியுமா, மதாம்?" என்று கேட்டார்.

நான் தமிழில் சொன்னேன். பெரியம்மா நிமிர்ந்து இருந்தார்.

"சொல்லு. நாங்கள் வெள்ளி செவ்வாய் விரதம் பிடிக்கிற ஆக்கள். உயிரைக் கொல்லுற பழக்கம் எங்கடை பரம்பரையிலையே இல்லை. கல்லு வழுக்கினது. புதைக்கப் பாத்தது பயத்திலை. அவ்வளவுதான் எண்டு சொல்லு."

பரம்பரையிலேயே இல்லை. அப்படியென்றால் நீங்கள் யார், அம்மா?

நான் பிரெஞ்சில் தொடங்கினேன். "என் பெரியம்மா சொல்கிறார்," என்றேன். பிறகு என் வாயிலிருந்து வந்தது அவர் சொன்னது இல்லை. "போர் நேரம் சாப்பாடு இருக்கவில்லை. இவளுடைய அம்மா, என் தங்கை, செல்லுக்குள் போய் அணில் பிடித்து வந்தாள். அதைத் தின்றுதான் இந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறது. அதைத் தின்றுதான் நானும் உயிரோடு இருக்கிறேன். கோடுள்ள தோலை முதலில் புதைக்க வேண்டும் என்பது அவளுடைய முறை. பிள்ளை ஒன்றையும் மறைக்கவில்லை. அம்மா செய்ததைச் செய்தது."

நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது பெரியம்மா ஒவ்வொரு வசனத்துக்கும் தலையை ஆட்டினார். ஓம், ஓம், அப்படித்தான் என்பதுபோல்.

அதிபர் எழுந்து வந்து பெரியம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்தார். "இதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும், மதாம். நன்றி."

"மெர்சி, மெர்சி," என்றார் பெரியம்மா. என் பக்கம் குனிந்து மெல்லமாக, "பாத்தியே? நல்ல சனம். பண்பாக் கதைச்சால் விளங்கிக்கொள்ளுவினம்," என்றார்.

வரும் வழியில் எனக்கு மட்டன் றோல்ஸ் வாங்கித் தந்தார். தனக்கு வாங்கவில்லை, செவ்வாய்க்கிழமை. சூடாகத்தான் இருந்தது. ஒரு கடி கடித்துவிட்டுத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

ஏனென்றால் அதிபர் கடைசியில் சொன்னதை நான் மொழிபெயர்க்கவில்லை. வியாழக்கிழமை சோசலிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வருவார். தண்டிக்க இல்லை, உதவி செய்ய என்றார். இவ்வளவு பாரத்தை ஒரு பிள்ளை மொழிபெயர்க்கக்கூடாதாம். ஆகவே, கூடவே ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரும் வருவாராம். "என்ன சொல்லுறா?" என்று பெரியம்மா கேட்டார். "ஒண்டுமில்லை, கவனமாப் போகட்டாம்," என்றேன்.

வியாழக்கிழமை அந்த ஆள் எங்கள் கதிரையில் இருந்து, நல்ல தமிழில், "நீங்கள் அணில் தின்றதாக அதிபரிடம் சொன்னீர்களாமே," என்று பெரியம்மாவைக் கேட்பார்.  கொப்பியும் உடுப்பும் வைத்த பையைப் படுக்கைக்குக் கீழே தள்ளி வைத்திருக்கிறேன். எங்கே போவதற்கு என்று தெரியாது.

அந்தக் கடைசி நாளை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பங்கருக்குள் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். செல் நின்றிருந்தது. நீங்கள் வெறுங்கையோடு வந்து இருந்தீர்கள். காடை என்ற பேச்சு அன்றைக்கு இல்லை. பெரியம்மா தலையைத் தூக்கி, "தங்கச்சி, இண்டைக்கு அணில் ஒண்டும் அகப்படேல்லையே?" என்று கேட்டார். அந்தப் பெயரை அவர் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தரம்தான். நீங்கள் கெற்றப்போலை எடுத்துக்கொண்டு திரும்பவும் வெளியே போனீர்கள். அடுத்த செல் தென்னைகளுக்குள் விழுந்தது.

அணில் தோலைக்கூட மண்ணில் போட்டு மூடின உங்களை நாங்கள் மூடவில்லை, அம்மா. நான் மணலை அள்ளத் தொடங்கினேன். சனம் எழும்பி நடக்கத் தொடங்கிவிட்டது. பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். காய்ச்சல் உடம்போடு என்னைத் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரைக் கடந்ததும் அவர்தான். இதையும் எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட எனக்கு எவ்வளவோ விருப்பம். தன்னை முழுதாக வெறுக்க அவர் எனக்கு ஒரு வழி விட்டிருக்கலாம்.

செனாரில் அந்த அணிலை ஆசிரியர் கையுறை போட்டு எடுத்து, பிளாஸ்ரிக் பைக்குள் போட்டுக் கட்டினார். நான் கிண்டின குழி வெறுமையாகக் கிடந்தது.

பிரெஞ்சில் நான் உங்களைச் சொல்லிவிட்டேன். ஆனால் அது பெரியம்மாவுக்கு விளங்காத மொழி. அவருடைய வாயில் வைத்துச் சொன்னேன், என் வாயால் சொல்லவில்லை. அது துணிச்சல் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஓடுகிறவளுடைய வேலை.

ஆகவே ஒரு சத்தியம். வியாழக்கிழமை அந்தப் பெண்ணும் மொழிபெயர்ப்பாளரும் வரும்வரை இதை விட்டுவைக்கமாட்டேன். நாளைக் காலையில், பெரியப்பா நித்திரையாக இருக்கும்போது, பெரியம்மா தேத்தண்ணி ஊற்றும்போது, தமிழில் சொல்வேன். "நீங்களும் திண்டனீங்கள், பெரியம்மா. அணில் எண்டு தெரிஞ்சு, கேட்டுத் திண்டனீங்கள். அம்மா பாவத்தாலை சாகேல்லை. உங்களுக்கு எடுக்கப் போய்ச் செத்தவ." அவர் என்னை அடிக்கலாம். கதவைக் காட்டலாம். என்ன செய்தாலும் முழுவதையும் சொல்லி முடிப்பேன். அதன் பிறகு அவர் தேத்தண்ணி தந்தால் குடிப்பேன்.

திறப்புச் சத்தம் கேட்கிறது. தண்ணீரைத் திறக்கிறேன்.

நீங்கள் உரித்துப் புதைத்து ஊட்டி வளர்த்த மகள்,
உங்கள் குஞ்சு