அண்ணா, உன் மருமகனுக்கு வைரஸ் ஏற்றினோம்

என் அருமைக் குரங்கு அண்ணாவுக்கு,

இப்படி அழைத்தால் கோபிக்க மாட்டாய் என்று தெரியும். முழங்கால் பூசணிக்காயாய் வீங்கியிருந்தபோதும் கதிரைக்குக் கதிரை தாவி வீட்டைச் சுற்றி வந்தவனை வேறெப்படி அழைப்பது? நீ போன பிறகு பிறந்த என் மகன் கபிலனும் அதே கூட்டம்தான். தாய்மாமனை உரித்து வைத்திருக்கிறான் என்று சனம் சொல்லும்போதெல்லாம் சிரித்துச் சமாளிப்பேன். உன் மூக்கோடும் வாயாடித்தனத்தோடும் உன் இரத்தம் உறையாத நோயையும் சேர்த்து நான்தானே அவனுக்குக் கொடுத்தேன். பெண்களிடம் பெரும்பாலும் சத்தம் போடாமல் இருந்துவிட்டு ஆண்பிள்ளையிடம் வெளிப்படுகிற நோயாம் அது.

அவனைப் பற்றிச் சொல்லத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். பயப்படாதே, நல்ல செய்திதான்.

இந்தியாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புதிய சிகிச்சை ஒன்றைப் பரிசோதிக்கிறார்கள், கபிலனையும் சேர்த்துக்கொள்வார்கள் என்று கண்டியில் அவனைப் பார்க்கும் டொக்டர் சொன்னார். இரத்தத்தை உறையவைக்கும் ஒரு புரதத்தைச் செய்ய உங்கள் இருவர் உடம்புக்கும் தெரியாது, அதற்கான மரபணு பழுது. நல்ல மரபணுவைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டால் உடம்பே அந்தப் புரதத்தைச் செய்துகொள்ளுமாம். கொண்டுபோவது யார் என்று கேட்டேன். வைரஸ் என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், எந்த வைரஸ் என்றும் கேட்டுவிட்டேன். எயிட்ஸ் வைரஸை மாற்றிச் செய்ததாம்.

உன் கடைசி வருடங்களில் உனக்கு இரத்தம் ஏற்றும்போதெல்லாம் நாங்கள் எதற்குப் பயந்து செத்தோம்? அதே கிருமிக்குத்தானே.

அம்மா கேட்டதும் எழும்பி நின்றுவிட்டார். "எயிட்ஸ் கிருமியையோ பிள்ளைக்கு ஏத்தப் போறியள்? உங்களுக்கென்ன விசரே?" நானும் அம்மாவின் பக்கம்தான். உன்னை ஒருமுறை பறிகொடுத்த வீடு இது. கபிலன் வளர்ந்த ஆம்பிளை, எங்கள் கையெழுத்து அவனுக்குத் தேவையில்லை. ஆனால் நாங்கள் இருவரும் மனதாரச் சொல்லாமல் போகமாட்டேன் என்று இருந்துவிட்டான். இடைக்கிடை மூட்டுக்குள் இரத்தம் கசிந்து, அவனுடைய வலது முழங்காலும் உன்னுடையதைப் போல மடங்க மறுக்கத் தொடங்கியிருந்தது. காத்திருந்தால் கால் போகும். இந்தியாவுக்குப் போனால் என்ன ஆகுமோ தெரியாது. வீட்டில் சோறு கூட வாய்க்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கபிலன் அம்மாவிடம், எண்பத்து மூன்றில் நீங்கள் யாருடைய லொறியில் ஏறினீர்கள் என்று கேட்டான். அம்மாவுக்குப் புரையேறிவிட்டது.

உன் கதையை உனக்கே சொல்வது வேடிக்கைதான், ஆனாலும் சொல்ல ஆசையாயிருக்கிறது. ஆடிக் கலவரத்தில் அந்த லொறி பொல்லுகளோடும் மண்ணெண்ணெய்க் கலன்களோடும் ஆட்களை ஏற்றிப் போனதைக் குண்டசாலை வீட்டு யன்னலால் பார்த்தோம். பின்மதிலால் குதித்து நீ முழங்காலை அடித்துக்கொண்டாய். ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும், ஆனால் தெருவில் இறங்க வழியில்லை. பின்னேரம் அதே லொறி எங்கள் ஒழுங்கைக்குள் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் எங்கள் சிங்கள வீட்டுக்காரம்மாவின் தம்பி குணதாச. கூட்டம் அவரை மிரட்டித்தான் வாகனத்தைப் பிடித்திருந்தது. அவர்கள் குடித்துவிட்டுப் படுத்ததும், கிடந்த சாமானையெல்லாம் வீசிவிட்டு வந்திருந்தார். இந்த லொறியைக் கண்டால் எந்தச் சந்தியிலும் மறிக்கமாட்டார்கள் என்றார்.

அம்மா ஏறமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீதான் சொன்னாய்: "லொறி ஆரின்ரையெண்டாலும் இருக்கட்டும் அம்மா. இப்ப அதில ஏறுறது நாங்கள்."

குணதாச சொன்னது போலவே சந்திக்குச் சந்தி கைகாட்டி அனுப்பினார்கள். லொறியை மூடிய படங்குக்குக் கீழே நீ என் வாயைப் பொத்த, நான் பயத்தில் உன் கையைக் கடித்தேன். நல்ல காலம், தோல் கிழியவில்லை. கிழிந்திருந்தால் அதற்கும் ஆஸ்பத்திரியில் தனியாக விளக்கம் சொல்லியிருக்க வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் கபிலன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அதே மாதிரித்தான் அம்மம்மா. நோய் குடுக்கிற சாமானெல்லாத்தையும் இறக்கிப்போட்டாங்கள். உள்ள போற வழி மட்டும்தான் அதுக்குத் தெரியும்," என்றான். இரத்தத்தை உருவாக்கும் அவனுடைய உயிரணுக்களை வெளியே எடுத்து, அந்த வெறும் வைரஸால் நல்ல மரபணுவை அவற்றில் சேர்த்து, திரும்ப அவனுக்கே ஏற்றுவார்களாம். ஆபத்தே இல்லை என்று அவன் சொல்லவில்லை. அன்றைக்கு லொறியிலும் ஆபத்து இருந்ததுதானே என்றான். அடுத்த நாள் காலை அம்மா, "அங்க புட்டுக் கிடைக்குமோ?" என்று கேட்டார். சம்மதம் என்று எங்களுக்கு விளங்கிவிட்டது.

போனோம். உயிரணுக்களைத் திரும்ப ஏற்றுமுன் கொடுத்த கடும் மருந்தில் அவன் தலைமயிர் முழுக்கக் கொட்டியது. அந்த மயிருக்கு அவன் செலவழித்த நேரத்தைப் படிப்புக்குச் செலவழித்திருந்தால் இன்று அவனே டொக்டர். உனக்கு நினைவிராது, உன் முதல் மொட்டையில் கத்திபட்ட சின்னக் கீறல் நாட்கணக்கில் ஒழுகித்தான் உன் நோய் பிடிபட்டது. கைராசி இல்லாதவர் என்று அந்த நாவிதரை அம்மா ஏசித் தீர்த்தாராம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் தலையிலும் கத்தி வைத்ததில்லை, கபிலனுக்கு மொட்டை போடுவதாக முருகனுக்கு வைத்த நேர்த்தியும் அப்படியே கிடந்தது. போனில் அவன் தலையைக் கண்டதும் அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கத்தி படாமல் முருகனே எடுத்துப்போட்டான்," என்றார். அழுவார் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அது பெரிய ஆறுதலாயிருந்தது.

டொக்டர்மார் இன்னும் குணமாகிவிட்டது என்று சொல்வதில்லை. பல வருடம் வந்து காட்டவேண்டுமாம். சொல்லாவிட்டால் போகட்டும், நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

போன ஞாயிறு குசினியில் கறிக்கு ரின்மீன் தகரத்தைத் திறக்கும்போது அதன் மூடி அவன் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. நான் ஐஸ் எடுக்க ஓடினேன், கட்டுத்துணி எடுக்க ஓடினேன், ஆஸ்பத்திரிக்கு வான் பிடிக்கப் போனை எடுத்தேன். எல்லாவற்றோடும் திரும்பி வந்தபோது அவன் கையை விரித்துப் பார்த்தபடி நின்றான்.

"அம்மா, நிண்டிட்டுது."

தானாகவே நின்றிருந்தது, அண்ணா. கையில் ஐஸ் உருகி வழிய நான் நிலத்திலேயே இருந்து அழுதேன். லொறிப் பயணத்துக்குப் பல வருடம் கழித்து, ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத ஊரடங்கு நாளொன்றில் உன் தலைக்குள் கசிந்த இரத்தம் மட்டும் இப்படி நின்றிருந்தால் நீ இன்று எங்களோடு இருந்திருப்பாயே. அதையும் நினைத்துத்தான் அழுதேன், மறைக்கவில்லை.

விழுந்த பிள்ளையை மற்றத் தாய்மார் முதலில் ஏசுவார்கள், பிறகுதான் தூக்குவார்கள். உன்னையும் சரி, கபிலனையும் சரி, விழுந்ததற்காக இந்த வீட்டில் ஒருவரும் ஒருநாளும் ஏசியதில்லை. ஏச நேரம் இருந்ததில்லை. இனி அவன் எங்கேயாவது விழுந்து கைகாலைக் கீறிக்கொண்டு வரட்டும். ஓடமாட்டேன். இருந்த இடத்தில் இருந்தபடியே, "எருமை மாடே, கண் தெரியாதா?" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்க ஏசுவேன். உனக்குச் சேரவேண்டியதையும் சேர்த்து ஏசுவேன். சத்தியம்.

உன் வாயாடித் தங்கச்சி,
கபிலனின் அம்மா