அப்பா பேனாவைத் தொடுவதில்லை

நாரின் நகரம்,
முதல் பனி விழுந்த வாரம்.

அன்பு மகள் சாய்காலுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ சியோலில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருந்தால் அதுவே போதும். போனில் அப்பா ஏன் இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுகிறார் என்று கேட்கிறாய், வாயால் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

ஆப்கன் போரிலிருந்து வந்தபின் அவருக்கு நாலு சுவருக்குள் இருப்புக்கொள்ளவில்லை, குதிரையிலும் லாரியிலும் மலை மலையாகச் சுற்றி எழுதினார், அந்தப் பயணக் கட்டுரைகள்தான் அவரைப் பத்திரிகைக்காரர் ஆக்கின, பார்த்ததில் ஒரு சொல்லை ஆசிரியருக்காகக்கூட மாற்றமாட்டார். இந்தக் கோடையில் எல்லைப் பக்கம் போனவர், அப்பாவோடு பட்டாளத்தில் இருந்த ஜுமாதில் மாமாவின் மகன் பாகித் எப்படிச் செத்தான் என்று தெரிந்துகொண்டு வந்தார். எல்லைச் சண்டையில் வீரமரணம் என்று நம்பித்தானே அடக்கம் செய்தோம். இல்லையாம், அதிகாரி குடித்துவிட்டு ஓட்டிய லாரி பள்ளத்தில் விழுந்து, பையன் பொழுது சாயும்வரை கத்திக்கொண்டு கிடந்திருக்கிறான், தூக்க ஒருவரும் இறங்கவில்லை. அப்பா அதை அப்படியே எழுதிவிட்டார்.

பேப்பர் வந்த அன்றே ஜுமாதில் வந்தார். போரில் அடிபட்ட அப்பாவை முதுகில் சுமந்து வந்த மனுஷன், நான் வைத்த ரொட்டியைத் தொடவில்லை. "வீரனா செத்தான்னு நெனச்சுதான்டா மூச்சு விட்டுட்டிருந்தேன், அதையும் புடுங்கிட்டியே" என்றார். "இன்னொரு பையன் அப்படிச் சாகக் கூடாதுன்னுதான்டா எழுதினேன்" என்றார் அப்பா. "அதுக்கு என் புள்ளதான் கெடச்சானா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான், திரும்ப வரவில்லை. அந்த அதிகாரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாய், வேறு ஊருக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான்.

போன மாதம் மனசு கேட்காமல் அப்பா அவர்கள் வீட்டுக்குப் போனார், நானும் கூடப் போனேன். ஜுமாதில் வெளியே வரவில்லை, அவர் மனைவி துர்சுன் அத்தைதான் வந்தாள். அப்பா எழுதியது அவள் கண்ணில் படாமல் பேப்பரை ஜுமாதில் அடுப்பில் போட்டுவிட்டாராம். "அண்ணே, நீங்க போய் விசாரிச்சீங்களாமே, எம்புள்ள வலியில்லாம போனானா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, உடனே போயிட்டான், ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றார் அப்பா. அவர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும், "அப்படி எழுதினதும் நான்தான், இல்லேன்னு சொன்னதும் நான்தான், இனிமே என் எழுத்தை நானே நம்பமாட்டேன் குல்பாரா" என்றார். அதற்குப்பின் பேனாவைத் தொடவில்லை, வாசலைத் தாண்டவில்லை, நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

கடவுள் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. ஒன்று மட்டும் மறக்காதே, அடுத்த பயணம் எங்கே என்று அப்பாவிடம் கேட்காதே. போன தடவை நீ கேட்டதற்கு, "வசந்தத்துல பாமிர் மலைப் பக்கம் போறேம்மா" என்றாரே, அதுவும் பொய்தான்.

உன் அம்மா,
குல்பாரா